சான்சலர் அதிபர் அல்லர்

2024 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் அதிபர் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். 27 அன்று ஜெர்மன் அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நம் செய்தி வழக்கில் எழுதினால் இப்படித்தான் வரும். தோற்றவரே கலைத்துவிட்டாரா? இல்லை. தோற்றவர் அரசாங்கத்தின் தலைவரான சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ். கலைத்தவர் குடியரசுத் தலைவர் ஃபிராங்க் வால்டர் ஷ்டைன்மையர். இரண்டு பதவிக்கும் ஒரே சொல்லைப் போட்டதால் வந்த வினை இது.

'சான்சலர்' என்ற சொல்லின் வேர் லத்தீன். அதில் 'கான்செல்லி' என்றால் கிராதி. நீதிமன்றக் கிராதியருகே நின்ற ஊழியர் 'கான்செல்லாரியுஸ்'. அவரே பின்னர் எழுத்தராகி, முத்திரை காப்பவராகி, அமைச்சரானார். எழுதியதன் மேல் கிராதிபோல் குறுக்குக்கோடு இழுப்பதே 'கேன்சல்'. தமிழிலும் கிராதிக்கு 'அழி' என்று பெயருண்டு; ஆனால் அது தற்செயல் ஒற்றுமை.

'அதிபர்' வடமொழி 'அதிப' வழி வந்தது. ஆள்பவர், உடையவர் என்று பொருள். தொழிலதிபர் சரி. இலங்கையில் பள்ளித் தலைமையாசிரியர் அதிபர். அதுவும் நிலைத்த வழக்கு. ஆனால் 'அதிபர் ஆட்சி' என்றதும் நமக்கு அமெரிக்காவும் ரஷ்யாவும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியோ நாடாளுமன்ற ஆட்சி. அங்கே சான்சலரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றம் வாக்களிக்கும். 2025 மே 6 அன்று ஃபிரீட்ரிக் மெர்ட்ஸுக்குத் தேவைப்பட்டவை 316 வாக்குகள். முதல் சுற்றில் கிடைத்தவை 310. இரண்டாம் சுற்றில் 325 பெற்றே பதவியேற்றார். இப்படி அவையின் பெரும்பான்மையால் வருபவரை அதிபர் என்பது எப்படிப் பொருந்தும்?

வரலாற்று நூல்களில் கேடு இன்னும் பெரிது. '1933-இல் ஹிட்லர் அதிபரானார்' என்று எழுதிவிட்டால், 1934 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் இறந்ததும் ஹிட்லர் இரு பதவிகளையும் ஒன்றாக்கிக்கொண்டதை எப்படி விளக்குவது? ஹிட்லரைச் சான்சலராக்கியவரே அந்த ஹிண்டன்பர்க்தானே! சர்வாதிகாரம் முழுமை பெற்ற படி ஒன்றை மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிடுகிறார்.

பல்கலைக்கழகத்தில் இதே 'சான்சலர்' என்ற சொல்லை 'வேந்தர்' ஆக்கியதும் எனக்கு உடன்பாடில்லை. கிராதியருகே நின்றவருக்கு முடிசூட்டிய வேலை அது. வேரூன்றிவிட்டதால் அதை இனிப் பிடுங்க முடியாது. செய்தித் தமிழை இப்போதே திருத்தலாம். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் 'தலைமை அமைச்சர்' என்றே எழுதுங்கள். முதல் குறிப்பில் மட்டும் 'சான்சலர்' என்று சேர்த்தால் போதும். பிரிட்டனில் கருவூலச் சான்சலர் என்றால் நிதியமைச்சர். அங்கே 'தலைமை' சேர்த்தால் அது வேறொரு பிழை.