"விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் என்ன பதில் சொல்வது?

"இன்னும் ஆறு மாசம் போகட்டும் சித்தி" என்று சொல்லிவிட்டால், ஏழாவது மாதம் சித்தி கணக்குக் கேட்பார். "கொஞ்சம் ஹார்மோன் பிரச்சினை" என்றால் வைத்தியம் சொல்ல ஆள் வரிசையில் நிற்கும். பதிலில் காரணமும் வேண்டாம், கெடுவும் வேண்டாம்.

"இருந்தா நாங்களே சொல்றோம் சித்தி. உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

இவ்வளவு போதும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். விட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும். மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரல். பதில் மாறினால், துருவினால் இன்னும் கிடைக்கும் என்று தோன்றும். மூன்றாம் முறையும் கேட்பவரிடம், "இதைப் பத்திப் பேச எங்களுக்குக் கஷ்டமா இருக்கு, விட்டுடுங்க" என்று நேராகவே சொல்லலாம். அது மரியாதைக் குறைவில்லை.

அவரவர் வீட்டாருக்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும். மாமியார் கேட்கும்போது கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாரம் முழுவதும் மனைவி தலையில்தான். "அம்மா, அவகிட்ட கேக்காதீங்க, என்கிட்ட கேளுங்க" என்று மகன் ஒருமுறை சொல்வது, மருமகள் பத்துமுறை மழுப்புவதைவிட எடுபடும். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடம், தனித்தோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஆனால் கேள்வி மட்டும் பெண்ணிடமே போகிறது.

பாதுகாப்பின்றி முறையாகச் சேர்ந்தும் 12 மாதம் கரு தங்காவிட்டால் பரிசோதனைக்குப் போகலாம். மனைவிக்கு 35 வயதாகிவிட்டால் 6 மாதம் போதும். இருவருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முதல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும்; இடையில் வந்த ஒரு கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். குறைவாக வந்தால், பொதுவாக 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்பவர்கள் கரு வைத்த தேதியைச் சொல்லவே கூடாது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை வரும், அன்று காலையிலிருந்தே போன் அடிக்கத் தொடங்கிவிடும். பாசிட்டிவ் வந்தாலும், கர்ப்ப ஹார்மோன் ஏறுகிறதா என்று 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நம்பகமான ஒருவரிடம் மட்டும், அதுவும் முடிவு தெரிந்தபின் சொல்லுங்கள். மற்றவர்களைத் தடுக்கும் வேலையையும் அவரிடமே விடலாம்.

வளைகாப்புக்கோ பெயர்சூட்டு விழாவுக்கோ போக மனம் வரவில்லையா, வாழ்த்து அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும். ஆலோசனைக்குச் சேர்ந்தே போனாலும், தனித்தனியாகப் பேசவும் நேரம் கேட்டு வாங்குங்கள். துணையின் எதிரில் வராத பேச்சு அப்போதுதான் வரும்.