ஊர்க் கணக்கில் குழந்தைகள் கட்டத்தைப் பாருங்கள்

சமூக மருத்துவத் துறையில் இருப்பதால், மருத்துவ மாணவர்களைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போய் வீடு வீடாகக் கணக்கெடுக்க வைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதில் பாடம் தொடங்கும். ஆணும் பெண்ணும் எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்து, ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரத்துக்கு மேல் பெண்கள் வந்துவிட்டால், "இந்த ஊர்ல பெண் குழந்தைக்குப் பிரச்சினையே இல்ல சார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஊர்க்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் பெண் கரு என்று தெரிந்து கலைப்பது நடக்கிறதா என்பதை அந்த மொத்த எண் காட்டாது.

உத்தரகாண்டின் அல்மோரா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள். பெண்கள் அதிகம் பிறந்ததால் அல்ல. மலைக் கிராமங்களில் பிழைப்பு போதாமல் ஆண்கள் ராணுவத்துக்கும் டெல்லிக்கும் போய்விட்டார்கள். அந்தப் பத்தாண்டில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே குறைந்தது. ஆனால் அதே மாநிலத்தில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 890 பெண் குழந்தைகள்தான். வெளியூர் போனவர்களின் கணக்கு, பிறக்காமல் போனவர்களின் கணக்கை மறைத்துவிட்டது.

இயற்கையாகவே ஆண் பிறப்பு கொஞ்சம் அதிகம். ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண். அதற்கு வெகுவாகக் கீழே போனால்தான் கவலை. 2011இல் இந்தியாவின் மொத்தப் பாலின விகிதம் 943, குழந்தைகளில் 919. முந்தைய கணக்கெடுப்பைவிட முதலாவது ஏறியது, இரண்டாவது இறங்கியது. நாட்டையே ஏமாற்றிய எண் நம் ஊரை ஏமாற்றாதா?

சரி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதுமா? சின்ன ஊரில் அதுவும் காலை வாரிவிடும். நாற்பது குழந்தைகளில் 22 ஆண், 18 பெண் என்றால் விகிதம் 818. இருபது இருபது என்றால் 1,000. இரண்டு குழந்தைகள் மாறினால் இவ்வளவு வித்தியாசம்! ஆகவே ஒரு வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு ஊர்மேல் பழி போடாதீர்கள். பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்து, ஐந்தாறு வருடப் பிறப்புகளைக் கூட்டிப் பாருங்கள்.

அதற்கும் 2011 கணக்கெடுப்புப் புத்தகம் உதவாது. அன்று அங்கன்வாடியில் இருந்த பிள்ளை இன்று கல்லூரி வயதில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027 என்றாகிவிட்டது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேடும் அங்கன்வாடிப் பதிவேடும்தான் இப்போதைக்குக் கை கொடுக்கும். அவற்றில் நான் முதலில் தேடுவது மொத்த எண்ணை அல்ல, பிறப்பு வரிசையை. முதல் குழந்தையில் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. மூத்தது இரண்டும் பெண்ணாக இருக்கும் வீடுகளில் மூன்றாவது யார், இடையில் கலைந்த கர்ப்பம் உண்டா என்று பாருங்கள். ஸ்கேன் சென்டரின் நிழல் விழுவது அங்கேதான்.

ஒன்று முக்கியம்: விசாரிக்கிறோம் என்று அந்தத் தாயை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஸ்கேன் செய்து சொன்னவருக்கும், கேட்டு வற்புறுத்தியவருக்கும்தான் அதில் முதல் குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை.