குச்சி பிடிக்கிறவர் என்னதான் வாசிக்கிறார்?

புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் 'கண்டக்டர்' என்று சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். டிக்கெட் கொடுப்பாரா என்று கேட்காதவர் குறைவு. நானும் மறுப்பதில்லை. பஸ் கண்டக்டரும் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் அவர் விசில் அடிக்காமல் வண்டி நகருமா? ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் குச்சியோடு நிற்பவர் கதையும் ஏறக்குறைய அதுதான். மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் அவர்.

பதினெட்டு வருஷமாகக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமைகளில் இருபது பேரை ஒன்றாக உட்காரவைத்து வாசிக்க வைக்கிறேன். பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அடுத்த கிரேடு பரீட்சை எப்போ சார்?" சனிக்கிழமை வகுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பரீட்சைக்கு அது தேவையில்லை என்று அதற்கு மட்டும் மட்டம் போடுகிறவர்களும் உண்டு. அப்போதெல்லாம் மரின் ஆல்சப் என்ற அமெரிக்கப் பெண் கண்டக்டரின் கதையைத்தான் நான் எடுப்பேன்.

1956-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா வயலின், அம்மா செல்லோ, இருவருக்கும் வாசிப்புதான் தொழில். மரினுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா ஒரு சிறுவர் கச்சேரிக்கு அழைத்துப் போனார். நடத்தியவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பெரிய கண்டக்டர். நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு 1958 முதல் 1972 வரை 53 கச்சேரிகளைக் குழந்தைகளுக்காகவே டிவியில் நடத்தியவர் அவர். அதில் முதல் கச்சேரியிலேயே ஒரு குறும்பு செய்தார். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'வில்லியம் டெல்' ஆப்பராவின் முன்னிசையை வாசிக்க வைத்துவிட்டு, இது எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்டார். டிவி தொடரில் அந்த மெட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது குதிரை வீரனின் பாட்டு. பெர்ன்ஸ்டைனோ, வீரனும் இல்லை, குதிரையும் இல்லை, இது ஸ்வரங்களைப் பற்றியது என்றார். குழந்தைதானே என்று அவர் எதையும் நீர்த்துப் பேசியதில்லை.

அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்த மரின், நானும் கண்டக்டர் ஆவேன் என்றாள். அவளுடைய வயலின் ஆசிரியரோ, பெண்கள் அதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா சமாதானமெல்லாம் சொல்லவில்லை. கண்டக்டர்கள் பிடிக்கும் பேட்டன் குச்சிகளை ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையனிடம், "உனக்குச் சுருதி நிக்காது, டிரம்ஸ் கத்துக்கோ" என்று நானே சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. டிரம்ஸுக்கும் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. பத்து வயதுக் குழந்தையின் சுருதி, பக்கத்தில் நாலு பேர் சரியாக வாசிக்கும்போது தானாக நகர்ந்து சேரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தனியாக வைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மரினின் பாதை ஒன்றும் நேராகப் போகவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் வயலின் படித்து முடித்தார். 1984-ல் கன்கார்டியா என்று சொந்தமாகவே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிவிட்டார். அப்புறம் டேங்கிள்வுட் கோடைகால இசை மையத்தில் அதே பெர்ன்ஸ்டைனிடம் மாணவியானார். 2007-ல் பால்டிமோர் சிம்பொனியின் இசை இயக்குநரானபோது, அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான்.

எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த வருஷம். மெக்கார்தர் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் விருதாகக் கிடைத்த பணத்தில் ஒரு லட்சம் டாலரை எடுத்து 'ஆர்க்கிட்ஸ்' (OrchKids) என்ற இசைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். மேற்கு பால்டிமோரின் ஏழ்மையான பகுதியில் ஒரே பள்ளி, 30 பிள்ளைகள். பள்ளி விட்டதும் இலவச வகுப்பு, இலவச வாத்தியம், கூடவே சாப்பாடு. வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடிக்கும் குழுகூட உண்டு. 'காது' இருக்கிறதா என்று சோதித்துச் சேர்க்கவில்லை. பின்னால் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளாக வளர்ந்தது.

கிரேடு பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே பிள்ளைகளை அனுப்புகிறேன். ஆனால் அந்த அறையில் பிள்ளை தனியாக நிற்கும். துணைக்குப் பியானோ வாசிப்பவர் அதன் தப்புக்கெல்லாம் வளைந்து கொடுப்பார். பக்கத்து நாற்காலியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கம் அங்கே வராது. ஆகவே ஆசிரியரைத் தேடும்போது ஃபீஸும் கிரேடும் கேளுங்கள், கூடவே மாதத்தில் எத்தனை நாள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். 'ஒரு நாளும் இல்லை' என்றால் யோசியுங்கள். அப்புறம், முதல் ஆறு மாதத்தில் யாராவது 'இவனுக்கு ஞானம் இல்லை' என்று சொன்னால் (நான் சொன்னாலும்) நம்பாதீர்கள்.

சனிக்கிழமை வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம் என் மேசையிலுள்ள பென்சில் ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். அன்றைக்கு அவர்தான் கண்டக்டர். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றே: பென்சிலை மேலே தூக்காமல் சடாரென்று கீழே இறக்கிவிடுவார்கள். இருபது வயலினும், அடுக்கிவைத்த டம்ளர் சரிந்தாற்போல, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். போன வாரம் எட்டு வயதுக்காரி ஒருத்திக்கும் அதேதான் ஆனது. "வாசிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழும்மா, அவங்களும் உன்னோட இழுப்பாங்க" என்றேன். கையை மெல்லத் தூக்கி, தோள் உயர மூச்சை இழுத்தாள். இருபது வில்லும் சேர்ந்தே இறங்கின. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை; "இன்னொரு தடவை சார்" என்றாள்.