பந்து மேலே இருக்கும் நேரம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆட்டத்துக்கு நாலைந்து தடவை வந்து பந்தை உதைத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறவருக்கெல்லாம் ஹால் ஆஃப் ஃபேமில் சிலை வைக்கலாமா? நீங்கள் இயற்பியல் படித்தவர், சொல்லுங்கள்."

சிலை என்று அவர் சொன்னது நிஜம்தான். ஒஹையோ மாநிலத்து கேன்டன் நகரில் இருக்கும் அந்தப் புகழ்க்கூடத்தில், தேர்வான ஒவ்வொருவருக்கும் வெண்கலத்தில் மார்பளவுச் சிலை உண்டு. 1963இல் திறந்தார்கள். கோலுக்கு உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒருவர், யான் ஸ்டெனெரூட், உள்ளே போக 1991 ஆயிற்று. பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுக்கும் 'பன்ட்' வேலைக்கு மட்டுமே வந்த ரே கை நுழைந்தது 2014இல். உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதற்காகவே பேர் வாங்கிய டெவின் ஹெஸ்டர் 2024இல். இப்படி ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைக்கும் நேரத்துக்கென்று இறங்கும் அணி, வழியாகப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

என் பதில், பன்ட் என்ற அந்த உதையின் கணக்கில் இருக்கிறது. ஆட்டத்தின் விதி சுருக்கமாக: 4 முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாது என்று தெரிந்தால் நாலாவது முயற்சியில் பந்தை எதிரணிக்கே, ஆனால் தூரமாக, உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். எதிரணியில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வருவார்.

அப்படியானால் முடிந்தவரை தூரமாக உதைப்பதுதானே சரி? எறிந்த பொருள் அதிகத் தூரம் போக 45 பாகை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நல்ல பன்டர் அதைவிடச் செங்குத்தாக உதைப்பார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று போவோம்.

நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பந்து காலைவிட்டுக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம். 45 பாகையில் அது 4.3 நொடி மேலே இருக்கும். அதே வேகத்தில் 55 பாகைக்கு உயர்த்தினால் 5 நொடி. நேரம் 16 சதவீதம் கூடிவிட்டது. தூரம் எவ்வளவு குறைந்தது? வெறும் 6 சதவீதம்.

ஏன் இந்தத் தாராளம்? தூரத்தைக் கோணத்துக்கு எதிராக வரைந்தால் வருவது ஒரு குன்று. அதன் உச்சி கூர்மையாக இல்லை, மொட்டைமாடி மாதிரி கிட்டத்தட்ட சமதளம். உச்சியிலிருந்து இரண்டடி இந்தப் பக்கம் வந்தாலும் உயரம் அவ்வளவாகக் குறையாது. நேரத்தின் வரைபடமோ அதே இடத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்று இறங்கவே தயங்கும் இடத்தில் இன்னொன்று விறுவிறுவென்று ஏறுகிறது! நிஜக் காற்றில் உச்சி 45க்குச் சற்றுக் கீழே நகரும், தூரங்களும் நன்றாகவே சுருங்கும். ஆனால் குன்றின் தலை அப்போதும் தட்டைதான்.

50 கெஜம் போகக்கூடிய உதை 47 ஆகிறது. பதிலுக்குக் கிடைப்பது 0.7 நொடி. முழு வேகத்தில் ஓடினால், உதைத்த அணியின் ஆட்டக்காரர் அதற்குள் 6 கெஜம் ஓடிவிடுவார். ஒருவர் அல்ல, பந்தைத் துரத்தும் எல்லோரும். மேலே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணிக்காரருக்கு அவர்களுடைய காலடிச் சத்தம் கேட்கும். பிடித்துவிட்டு ஓடப்போவதில்லை என்று கையை உயர்த்திவிடுவார். 50 உதைத்து 12 திருப்பிக் கொடுத்தால் லாபம் 38. 47 உதைத்து ஒன்றும் கொடுக்காவிட்டால் 47.

ரே கை இதில் மன்னர். 1973இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தபோது பலரும் வியந்தார்கள், ஒரு பன்டருக்கா என்று. சிறந்த ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்து நடத்தும் ப்ரோ பவுல் ஆட்டத்தில், 1976இல், அவர் உதைத்த பந்து, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமின் கூரையிலிருந்து தொங்கிய திரையில் போய் இடித்தது. இன்னொரு ஆட்டத்தில் ஹூஸ்டன் அணியினர் பந்துக்குள் ஹீலியம் அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு அதைச் சோதனைக்கே எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்தது வெறும் காற்று. ஒரு கணக்குப் போட்டிருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்: 400 கிராம் பந்தில் ஹீலியம் குறைக்கும் எடை சுமார் 8 கிராம். எடை குறைந்த பந்தைக் காற்று இன்னும் சீக்கிரம் நிறுத்திவிடும் என்பது வேறு. தெரியாத திறமையைக் கண்டால் மந்திரம், மாயம் என்று தேடுவது நம் ஊருக்கு மட்டும் சொந்தமான வியாதி அல்ல போலும்.

பந்தின் சுழற்சி தனிக் கதை. பம்பரம் போலச் சுழலும் பொருளின் அச்சு ஒரே திசையில் நிற்கவேண்டும். ஆனால் எறிந்த பந்தின் மூக்கோ பாதை வளைய வளையத் தானும் குனிகிறது. காற்று மூக்கைத் தள்ளும்போது சுழலும் பந்து தள்ளிய பக்கம் சாயாமல் பக்கவாட்டில் நகர்ந்து, பறக்கும் திசையைச் சுற்றித் தலையாட்டுகிறது. திசை கீழே வளைய, தலையாட்டமும் கூடவே வளைகிறது. மூன்று இயற்பியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதியது 2020இல்தான். விளையாட்டுப் பந்துக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்கள் உண்டு. பீரங்கிக் குண்டுக்கும் இதே கணக்குதான் என்று சொன்னால் நிதி உடனே கிடைக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கடுப்பு.

சரி, கேள்விக்கு வருவோம். ரே கையின் வாழ்நாள் சராசரி ஓர் உதைக்கு 42.4 கெஜம். இன்றைய பன்டர்கள் பலர் 45ஐத் தாண்டுகிறார்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சாதாரணர். பந்து மேலே இருந்த நேரம் அதில் பதிவாகவில்லை. கிரிக்கெட்டில் ஜான்டி ரோட்ஸ் தடுத்த ரன்களை ஸ்கோர்கார்டில் தேடுவது மாதிரி. அதனால் ரே கையை, கடைசியாக ஆடிய 1986இலிருந்து 28 வருடம் காத்திருக்கவைத்தது தப்பு என்பேன். எல்லா உதைகாரர்களையும் உள்ளே விடச் சொல்லவில்லை. ஓர் இடத்தின் வேலை இன்னது என்பதையே மாற்றியவர்களை விடலாம்.

இந்த அளவுகோலில் எனக்கு அடுத்த ஆள் பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்டீவ் டாஸ்கர். பன்ட் வரிசையின் இரு கோடிகளிலும் நிற்பவர்கள் மட்டுமே பந்தை உதைக்கும் முன்பே, இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டைத் தாண்டி ஓடலாம். கன்னர் என்பார்கள். டாஸ்கர் அதைச் செய்தே 7 முறை ப்ரோ பவுலுக்குப் போனார், 1993இல் அங்கே சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். கேன்டனில் அவருக்கு இன்னும் சிலை இல்லை. அவர் ஓடி வருவதைப் பார்த்து எதிரணிக்காரர் கையை உயர்த்திய ஒவ்வொரு முறையும், குறிப்பேட்டில் எழுதப்பட்டது பூஜ்யம்.