போன வருஷம் எதுக்குச் சண்டை வந்தது?

விளையாட்டு லீக் நடத்த ஆப் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். அணிப் பதிவு, புள்ளிப் பட்டியல், லைவ் ஸ்கோர், ஆட்ட நாயகன். வேறு ஏதோ ஆப்பைப் பார்த்து எழுதியது என்பது பார்த்தவுடனே தெரியும். ஆப் கட்டுவதற்கு முன் பயன்படுத்தப் போகிறவர்களிடம் பேசித் தேவையைக் கண்டறிவது என் தொழில். போட்டிக் கமிட்டிகளிடம் "என்னென்ன வசதி வேணும்?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அதே பட்டியல்தான் திரும்ப வரும். "போன வருஷம் எதுக்குச் சண்டை வந்தது?" என்று கேட்டால் போதும், வாங்கி வைத்த டீ ஆறிப்போகிற வரை பேசுவார்கள்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் முதலில் வரும் பதில், ஆட்ட நாள். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். ராத்திரி முழுக்க வலை இழுத்தவரை எட்டு மணிக்குக் கபடிக்குக் கூப்பிட்டால் வருவாரா? தயாராகக் கிடைக்கும் ஆப்கள் பலவும் சனி, ஞாயிறை நம்பித்தான் மேட்ச் போடுகின்றன. ஆபீஸ்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை அவை. இங்கே ஒரே டீமில் இரண்டு வகைப் படகுக்காரர்களும் இருப்பார்கள். அணியைப் பதியும்போதே "எந்தெந்த நாள் கரையில் இருப்பீர்கள்?" என்று கேட்காத ஆப் முதல் வாரமே படுத்துவிடும்.

சரி, மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்தலாமே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். ஆனால் 16 அணிகளில் எல்லாரும் எல்லாரோடும் மோதினால் 120 ஆட்டம். தினமும் இரண்டு வைத்தால்கூடத் தடைக்காலம் முழுக்கப் போய்விடும். நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு அணி காலிறுதிக்குப் போனால் 31. நேரடி நாக் அவுட் என்றால் 15. மைதானம் எத்தனை நாள் கிடைக்கும், ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் முடியும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் ஆப் ஆட்ட முறையைத் தேர்வு செய்ய விட வேண்டும்.

அடுத்த சண்டை, நேரம் மாறுவதில். ஒரு கமிட்டிச் செயலாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேரம் மாறியது என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டார். உடனே ஒவ்வொரு கேப்டனுக்கும் போன் அடிக்க ஆரம்பித்தார். அதான் வாய்ஸ் போட்டாச்சே அண்ணே என்றேன். "நீல டிக் வந்துருச்சு தம்பி. பாத்துட்டான்னு தெரியுது, வருவானான்னு தெரியலையே!"

எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அறிவிப்பு அனுப்புவதோடு ஆப்பின் வேலை முடியவில்லை. கேப்டன் போனில் "வர்றோம்", "முடியாது" என்று இரண்டே பெரிய பட்டன். எதையும் அழுத்தாத அணிகள் மட்டும் செயலாளருக்குச் சிவப்பில் மேலே வர வேண்டும். அவர் போன் அடிப்பதை நிறுத்தப் போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். அடிக்க வேண்டிய ஆட்கள் குறைந்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காத நாளில் எல்லாரும் கரையில் இருப்பார்கள். கமிட்டிக்கு ஆட்டத்தை அன்றைக்கே வைத்துவிட ஆசை வரும். அன்றைக்கு இந்தப் பட்டன் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிவெடுக்கலாம். (அந்தக் காற்றில் வாலிபால் ஆட முடியுமா என்பது வேறு கதை.)

வெளியூர் ஆளை டீமில் சேர்த்துவிட்டார்கள் என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு. அதற்காக ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. முன்பின் தெரியாத இருநூறு பேர் போனில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டவே வேண்டாம். பதிவு மேசையில் காட்டச் சொல்லி, பார்த்து, ஆப்பில் டிக் போட்டால் போதும். நகல் கட்டாயம் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். டீமில் பள்ளிக்கூடப் பையன்களும் இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பதிவுப் பக்கம் வரையும்போதே அதற்கு இடம் விட வேண்டும்.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு: வளைகுடாவில் இருந்தபடி பரிசுத் தொகை கொடுப்பவர்கள். அவர்களுக்கு முடிவும் நாலு போட்டோவும் வந்தால் போதும், பதிவுப் பக்கமெல்லாம் தேவையில்லை. ரியாத் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் என்பதால், மாலை ஐந்து மணி ஆட்டம் நடக்கும்போது அங்கே மதியம் இரண்டரை, வேலை நேரம். லைவ் ஸ்கோரை நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க முடியாது.

ஸ்கோரர் நோட்டை மட்டும் ஒழிக்கப் பார்க்காதீர்கள். உச்சி வெயிலில் திரை தெரியாது, ஈரக் கையில் தொடுதிரை கேட்காது, சிக்னல் வரும் போகும். போனில் ஏறும் ஸ்கோர் அங்கேயே தங்கி, சிக்னல் வந்ததும் போகும்படி இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டனும் நடுவரும் கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து ஏற்ற வழி வையுங்கள். ஆப்பில் ஒன்று, நோட்டில் ஒன்று என்று வந்தால் எது செல்லும் என்பதை விதிமுறைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கமிட்டிகளைக் கேட்டால் நோட்டுதான் என்பார்கள்.