அந்த விருதுக்குப் பணம் கட்டியது நீங்கள்தானே, தம்பி?

கடைமடைத் தண்ணீர் பற்றி ஆவணப்படம் எடுத்த ஒரு தம்பி போன வாரம் கும்பகோணத்தில் என் எடிட் அறைக்கு வந்தார். போஸ்டரில் வாய்க்காலையே காணோம், முழுக்க லாரல் இலைகள், அதாவது விருது பெற்றதாக விழாக்கள் தரும் இலை முத்திரைகள். ரோம், பாரிஸ், டோக்கியோ என்று ஊர்ப்பெயர்கள் வேறு. "இத்தனை விருது வாங்கியும் ஒரு வேலைகூட வரலையேண்ணே" என்கிறார். விழாக்களுக்குப் படம் அனுப்பும் நுழைவுக் கட்டணத்துக்காக அம்மாவின் செயின் மன்னார்குடியில் அடகில் கிடக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் இப்போது இதே கதைதான்.

இணையத்தில் திரைப்பட விழா தொடங்க அரங்கு வேண்டாம். ஒரு பெயர், ஒரு லோகோ, பணம் விழ ஒரு கணக்கு போதும். மாதாமாதம் விருது, எண்ணி மாளாத பிரிவுகள், அனுப்பியவருக்கெல்லாம் ஏதாவது ஒன்று. விழாவுக்கு 30 டாலர் என்றாலும் 20 விழாவுக்கு 600 டாலர், நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தில் ஒலிக்கலவையை ஒழுங்காகச் செய்திருக்கலாம். (பேட்டி முழுக்கப் பம்புசெட் இரைச்சல். அதை எந்த நடுவரும் கேட்கவில்லையா?)

கட்டணம் வாங்கினாலே போலி என்று சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல் நடக்கும் இட்ஃபா ஆவணப்பட விழாவும் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அங்கே அரங்கு உண்டு, டிக்கெட் வாங்கி வந்து உட்காரும் ஜனம் உண்டு, நடுவர்களுக்குப் பெயர் உண்டு.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு நம்பிக்கையில். சின்ன விருதுகளைச் சேர்த்து வைத்தால் பெரிய விழாக்காரர்கள் மதிப்பார்களாம். மதிக்க மாட்டார்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் லாரல்களை எண்ணுவதில்லை, படத்தைப் போட்டுப் பார்க்கிறார். முதல் சில நிமிடங்களில் படம் அவருக்குப் பிடிக்காவிட்டால் நூறு லாரல் இருந்தாலும் பயனில்லை. இந்த விழாக்களின் பெயர்கள் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். படத்தின் தலைப்புக்கு முன்னால் லாரல்களை ஓடவிட்டு அனுப்புகிறீர்களே, அதுவே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். தயாரிப்பாளர்களும் அப்படித்தான். ஓர் எடிட்டருக்கு வேலை வருவது, அவர் வெட்டிய படத்தை யாரோ உட்கார்ந்து பார்த்ததால்.

விருது கொடுத்தவர்கள் உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். விமியோ என்ற வீடியோ தளத்தில் ஒவ்வொரு விழாவுக்கும் தனி லிங்க் போட்டு அனுப்புங்கள். விருது அறிவித்த அன்று எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தம்பியின் கணக்கை என் கணினியில் திறந்தோம். பாதிக்கு மேல் பூஜ்யம். சிறந்த எடிட்டிங் விருது கொடுத்தவர்களும் அதில் அடக்கம்!

இன்னொரு நஷ்டமும் உண்டு. சில பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும். இணைய விழா ஒன்று உங்கள் படத்தைப் பொதுவில் ஓட்டிவிட்டால் அந்த வாசல் மூடிக்கொள்ளலாம். விதிகளைப் படிக்காமல் கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

சரி, எங்கே அனுப்புவது? மும்பையில் 1990 முதல் மிஃப் என்ற ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர அகாடமி ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனி விழாவே நடத்துகிறது. தேசிய விருது ஆசை இருந்தால் அந்தந்த ஆண்டுக்குரிய தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதை முதலில் வாங்குங்கள். "ஆஸ்கர் தகுதி பெற்ற விழா", அதாவது இங்கே ஜெயித்தால் ஆஸ்கர் போட்டிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்கர் தரும் அமெரிக்க அகாடமியே அப்படிப்பட்ட விழாக்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் தேடுங்கள். படம் எடுக்கவே பணம் வேண்டுமென்றால் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் தரும் நல்கைகளுக்கு (உதவித்தொகைகளுக்கு) விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த எழுத்து வேலை அலுப்பாகத்தான் இருக்கும்.

பணம் கட்டுமுன் போன முறை நடந்த விழாவின் புகைப்படத்தைத் தேடுங்கள். மேடையும் ஆட்களும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அங்கே படம் காட்டிய யாருக்காவது ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்தே வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும். "உங்கள் படத்தில் நெகிழ்ந்தோம், இன்று மட்டும் பாதிக் கட்டணம்" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். ஜெயித்த பிறகு கோப்பை அனுப்பப் பணம் கேட்கிறார்களா? தயவுசெய்து கட்டாதீர்கள். அந்தக் கோப்பை வேண்டுமென்றால் தஞ்சாவூரில் அதைவிட மலிவாகச் செய்து தருவார்கள், பெயரையும் பிழையில்லாமல் பொறிப்பார்கள்.