முள்ளைத் துரத்தாதீர்கள்: ரயில் சிமுலேட்டரில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தைப் பிடிப்பது எப்படி

ரம்பப் பல் போல ஏறி இறங்கும் இன்னொரு வேக கிராஃப். டபிள்யூஏபி-7 இன்ஜின், எல்ஹெச்பி வகைப் பயணிகள் பெட்டி 24, சமதளப் பாதை, அனுமதி 130. வேகமோ 124, 133, 125, 132 என்று ஆடுகிறது. ஓட்டியவரைக் கேட்டால், "ஏறினா ஏ-9, இறங்கினா ஃபுல் த்ராட்டில்" என்று பதில்!

இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். ரயில் முழுவதற்குமான பிரேக் கைப்பிடியான ஏ-9-ஐத் தொட்டதும், பிரேக் பைப்பில் 5 கிலோவாக இருக்கும் காற்றழுத்தம் குறைந்து, பெட்டிகளில் பிரேக் பிடிக்கிறது. ரிலீஸ் போட்டாலும் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் காற்று திரும்ப நேரம் ஆகும். அதற்குள் த்ராட்டிலைத் தள்ளினால், பின்பெட்டிகள் இன்னும் பிரேக்கில் இருக்க இன்ஜின் இழுக்கிறது. "வேகம் ஏறவில்லையே" என்று இன்னும் தள்ளுவீர்கள். கடைசிப் பெட்டியும் விடுபட்டதும் முள் 130-ஐத் தாண்டும், மறுபடி ஏ-9. கிராஃபில் தெரியும் பல் இதுதான். சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீர்கள்.

பார்க்க வேண்டியது ஸ்பீடோமீட்டரை மட்டுமல்ல, இழுவிசை மீட்டரையும்தான். 120-ஐத் தொடும்போதே இழுவிசையைப் படிப்படியாகக் குறையுங்கள். 127, 128-ல் நின்றால் போதும். 130 என்பது எல்லை, இலக்கு அல்ல. முள் அசையாமல் நிற்கும் இடத்தில், அந்த வேகத்தை அப்படியே காக்கும் பிபிசிஎஸ் பொத்தானை அழுத்துங்கள்.

அதை அழுத்திவிட்டுக் கைகட்டி உட்கார முடியாது. அதற்குச் சிக்னலும் தெரியாது, வேகக் குறைப்பை எச்சரிக்கும் காஷன் போர்டும் தெரியாது. 60 நொடி எதையும் தொடாமல் இருந்தால், ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று பார்க்கும் கருவியான விசிடி எச்சரிக்கும். கவனிக்காவிட்டால் பிரேக் தானே விழும். கை சும்மா இருக்கும் நேரத்தில்தான் இது அதிகம் நடக்கிறது.

ஏற்றத்தைப் பற்றி ஒரு கணக்கு. இன்ஜினோடு சுமார் 1,300 டன் எடை என்றால், 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் மட்டுமே 13 டன் பின்னிழுக்கும். 6,350 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் 130-ல் தரக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். காற்றுத் தடைக்கு என்ன மிச்சம்? ஆகவே அங்கே வேகம் விழத்தான் செய்யும், பதற வேண்டாம். 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கத்திலோ, த்ராட்டில் பூஜ்யத்தில் இருந்தாலே 130 கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இன்னும் செங்குத்தானால் இன்ஜின் மோட்டார்களாலேயே வேகத்தைக் குறைக்கும் ரெஜன் பிரேக்கைக் கொஞ்சமாகப் பிடியுங்கள். ஏ-9 எதற்கு?

நியூட்ரல் செக்‌ஷனில் (மேல் கம்பியில் மின்சாரம் இல்லாத இடம்) டிஜே என்ற மெயின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து உருண்டு போகும் பத்துப் பதினைந்து நொடியில் 2, 3 கி.மீ. குறைவது இயல்பு. டிஜே மூடியதும் ஒரேயடியாகத் தள்ளாமல், இழுவிசையை மெல்ல ஏற்றி, வேகம் வந்தபின் பிபிசிஎஸ்-ஐ மறுபடி அழுத்துங்கள். த்ராட்டிலை அசைத்தாலே அது போய்விடும். பலர் இதை மறந்து, அது இயங்குவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தயவுசெய்து இதையும் கேளுங்கள். 30 கி.மீ. வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தை இன்ஜின் தாண்டியதும் த்ராட்டிலைத் தள்ளாதீர்கள். 600 மீட்டர் ரயில் 30-ல் முழுதும் வெளியே வர 72 நொடி ஆகும். பயணிகள் ரயிலுக்குக் கட்டுப்பாடு முடிவதைக் காட்டும் டி/பி (T/P) போர்டு வரும்வரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.